மூத்த மகனின் சுமை: ரால்ஃப் வெர்னியும் 17ஆம் நூற்றாண்டு ஆங்கில நிலக்குடும்பமும்

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் சீக்கிரமே ஒரு சொல் எதிர்ப்படும்: ஜென்ட்ரி. பிரபுக்களும் இல்லை, உழவர்களும் இல்லை. சொந்த நிலம் நிறைய உண்டு, ஆனால் அதில் தாங்களே இறங்கி ஏர் பிடிப்பதில்லை. ஊர் வழக்கைத் தீர்த்துவைப்பவர்களும் இவர்கள், நாடாளுமன்றத்தில் போய் உட்காருபவர்களும் இவர்கள். இந்த வர்க்கத்தைப் புரிந்துகொள்ளாமல், மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நடந்த ஆங்கில உள்நாட்டுப் போரையோ, அதன் பிறகு நாட்டை ஆண்ட நாடாளுமன்றத் தளபதி குரோம்வெல்லையோ புரிந்துகொள்ள முடியாது.

வரையறையை மட்டும் படித்தால் அது மனதில் ஒட்டாது. ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அங்கே யாருக்கு என்ன கிடைத்தது, யார் எதை இழந்தார்கள் என்று பார்த்தால் சட்டென்று விளங்கிவிடும். அதற்கு வெர்னி குடும்பத்தைவிடப் பொருத்தமான குடும்பம் இல்லை என்பது என் கருத்து. பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் மிடில் க்ளேடன் என்ற கிராமம் அவர்களுடையது. அவர்கள் கடிதங்களைத் தூக்கிப் போடாத குடும்பம். 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சுமார் 30,000 கடிதங்கள் க்ளேடன் வீட்டில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அதற்கு முக்கியக் காரணம் ரால்ஃப் வெர்னி என்ற ஒரே மனிதர். வந்த கடிதங்களைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார், தான் எழுதியவற்றுக்கும் நகல் வைத்துக்கொண்டார்.

ரால்ஃப் 1613ல் பிறந்தார், 1696ல் இறந்தார். இடைப்பட்ட 82 ஆண்டுகளில் ஒரு மன்னரின் தலை வெட்டப்பட்டது, நாடு சில காலம் குடியரசாக இருந்தது, மன்னராட்சி திரும்பி வந்தது, இன்னொரு மன்னர் நாட்டை விட்டு ஓடினார். இத்தனைக்கும் நடுவில் அவருடைய கடிதங்களில் நாம் அதிகம் பார்ப்பது நிலம், கடன், தங்கைகளின் கல்யாணம். அரசியல் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதை அங்கேதான் பார்க்க முடிகிறது.

நிலம் எல்லாவற்றுக்கும் அடிப்படை

முதலில் ஏணிப்படிகளைச் சொல்லிவிடுகிறேன். மேலே பிரபுக்கள். அவர்களுக்கு மேலவையில் இடம் உண்டு. அவர்களுக்குக் கீழே பாரனெட், நைட், எஸ்குவயர், வெறும் ஜென்டில்மேன் என்று ஜென்ட்ரியின் படிகள். நைட் பட்டம் அவரவர் ஆயுளோடு சரி, பிள்ளைக்குப் போகாது. பாரனெட் பட்டம் வாரிசுக்குப் போகும். 1611ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் அதைப் புதிதாக உருவாக்கினார். கஜானாவுக்குப் பணம் வேண்டியிருந்ததால் 1,095 பவுண்டு என்று அதற்கு விலையே வைத்தார்.

பட்டம் இருக்கட்டும், சோறு போடுவது நிலம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வாடகை வாங்குவார்கள். அந்த வாடகை இருந்ததால்தான் சம்பளமில்லாத வேலைகளைச் செய்ய முடிந்தது. ஊர் நீதிபதிக்குச் சம்பளம் கிடையாது. மாவட்ட ஷெரீப் கைக்காசைப் போட்டுத்தான் அந்தப் பதவியை நடத்த வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்களும் பெரும்பாலும் தங்கள் செலவில்தான் லண்டனில் தங்கினார்கள். ஆகவே அரசியல் என்பது வாடகை வருமானம் உள்ளவர்களின் கடமையாகவும் உரிமையாகவும் இருந்தது. மாவட்டத் தொகுதிகளில் வாக்களிக்க ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் இருக்க வேண்டும் என்பது 1430 முதல் சட்டம். நகரத் தொகுதிகளில் ஊருக்கு ஒரு விதி. ரால்ஃப் முதுமையில் நின்று வென்ற பக்கிங்ஹாம் தொகுதியில் மொத்த வாக்காளர்களே 13 பேர். அந்த 13 பேரையும் வருஷக்கணக்கில் விருந்து வைத்து, மான் இறைச்சி அனுப்பி, நலம் விசாரித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் தேர்தல் வேலை.

சரி, அப்பா இறந்தால் நிலம் யாருக்கு? முழுவதும் மூத்த மகனுக்கு. பாகப்பிரிவினை என்ற பேச்சே இல்லை. நிலத்தைத் துண்டுபோட்டால் இரண்டு தலைமுறையில் குடும்பம் சாதாரண உழவர் நிலைக்கு இறங்கிவிடும் என்ற பயம். அதனால் தம்பிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை. அதை வைத்துக்கொண்டு அவர்கள் படையிலோ வணிகத்திலோ வழக்குமன்றத்திலோ திருச்சபையிலோ பிழைத்துக்கொள்ள வேண்டும். மகள்களுக்குத் திருமணத்தின்போது ஒரு ரொக்கத் தொகை. அது இல்லாத பெண்ணுக்கு அந்த வர்க்கத்தில் மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம். மனைவி கொண்டுவரும் சொத்து திருமணம் ஆனதும் கணவரின் கைக்குப் போகும். அதற்கு ஈடாக, கணவர் இறந்தால் அவளுக்கு இவ்வளவு வருமானம் என்று முன்கூட்டியே பத்திரத்தில் எழுதிவைப்பார்கள்.

எல்லாம் மூத்தவனுக்கு என்று கேட்டதும் அவன் கொடுத்துவைத்தவன் என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ரால்ஃபின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. நிலத்தோடு அப்பாவின் கடன், தம்பிகளின் ஆண்டுத்தொகை, தங்கைகளின் கல்யாணப் பணம், அம்மா வழி உறவினர்களின் கோரிக்கைகள் எல்லாமே அவர் தலையில் வந்து இறங்கின. இந்தக் காலத்தில், குறிப்பாக 1640களுக்குப் பிறகு, வழக்கறிஞர்கள் சொத்துப் பத்திரங்களை இன்னும் இறுக்கமாக எழுதத் தொடங்கினார்கள். அப்போது சொத்தை வைத்திருப்பவர் தன் ஆயுள்வரை அனுபவிக்கலாம், ஆனால் இஷ்டப்படி விற்க முடியாது, அடுத்த தலைமுறைக்கு அப்படியே ஒப்படைக்க வேண்டும் என்று ஆனது. உரிமையாளர் என்பதைவிடக் காவலாளி என்ற சொல்தான் அவருக்குப் பொருந்தும்.

இந்தக் குடும்பத்திலேயே இந்த ஏற்பாடு ஒருவரை எப்படி உடைத்தது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. ரால்ஃபின் பெரியப்பா பிரான்சிஸ், தாத்தாவின் முந்தைய தாரத்து மகன். சிற்றன்னை தன் சொந்த மகன் எட்மண்டுக்குச் சொத்தில் பங்கு கிடைக்கும்படி நாடாளுமன்றச் சட்டமே வாங்கிவிட்டார். வயதுக்கு வந்ததும் பிரான்சிஸ் அதை எதிர்த்துப் போராடித் தோற்றார். பிறகு ஊரைவிட்டே போய், வட ஆப்பிரிக்கக் கரையோரக் கடற்கொள்ளையர்களோடு சேர்ந்து, 1615ல் இத்தாலியின் மெசினா நகர மருத்துவமனையில் இறந்தார். அந்த எட்மண்ட்தான் ரால்ஃபின் அப்பா.

பதின்மூன்று வயது மணப்பெண்

சர் எட்மண்ட் வெர்னி அரண்மனை ஆள். முதலில் இளவரசர் ஹென்றியிடமும் பிறகு சார்லஸிடமும் பணிசெய்தார். சார்லஸ் மன்னரானதும், அரசவையைச் சுற்றிய பகுதியில் ஒழுங்கைக் காக்கும் நைட் மார்ஷல் பதவி அவருக்குக் கிடைத்தது. பதவியில் கௌரவம் உண்டு, செலவும் உண்டு. மன்னர் தரவேண்டிய பணம் நேரத்துக்கு வராது. எனவே கடன் ஏறிக்கொண்டே போனது. வீட்டில் ரால்ஃபைச் சேர்த்து நான்கு மகன்களும் ஆறு மகள்களும் வளர்ந்து ஆளானார்கள்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு மூத்த மகனின் திருமணம்தான் பெரிய வரவு. அபிங்டன் ஊரைச் சேர்ந்த மேரி பிளாக்நால் பெற்றோரை இழந்த சிறுமி, பெரிய சொத்துக்கு வாரிசு. அந்தக் காலத்தில் இப்படி அநாதையான வாரிசுகளின் காப்புரிமை மன்னரிடம் போகும். அதற்கென்றே ஒரு நீதிமன்றம் இருந்தது. அந்த நீதிமன்றம் காப்புரிமையைக் காசுக்கு விற்கும், வாங்கியவர் குழந்தைக்கு யாரைக் கட்டிவைப்பது என்றும் பேரம் பேசுவார். குழந்தையைச் சொத்தோடு சேர்த்து விற்கும் இந்த முறை அந்தக் காலத்திலேயே பலருக்குக் கசந்தது. போர்க்காலத்தில் 1646ல் நாடாளுமன்றம் அதை நிறுத்தியது, 1660ல் சட்டப்படி முற்றிலும் ஒழிந்தது.

மேரிக்கும் ரால்ஃபுக்கும் 1629 மே மாதம் திருமணம் நடந்தது. அவளுக்கு 13 வயது, அவருக்கு 15. திருமணம் முடிந்ததும் ரால்ஃப் ஆக்ஸ்போர்டில் படிப்பைத் தொடர்ந்தார், மேரி கொஞ்ச காலம் கழித்துத்தான் க்ளேடனுக்கு வந்தாள். பணத்துக்காகப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு இது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த இருவரின் கடிதங்களைப் படித்தால், வளர்ந்த பிறகு ஒருவர்மேல் ஒருவர் எவ்வளவு உயிராக இருந்தார்கள் என்பது தெரியும்.

அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம்

1640ல் சார்லஸ் மன்னர் 11 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நாடாளுமன்றத்தைக் கூட்டினார். முதல் கூட்டம் மூன்று வாரத்தில் கலைந்தது. நவம்பரில் கூடியது நெடுநாள் நீடித்த நாடாளுமன்றம். ரால்ஃப் ஐல்ஸ்பரி தொகுதியிலிருந்து போனார், அப்பா வைகம் தொகுதியிலிருந்து. இருவரும் ஒரே அவையில். பக்கிங்ஹாம்ஷயரின் பிரதிநிதியாக ஜான் ஹாம்ப்டன் வந்தார், நாடாளுமன்றத்தைக் கேட்காமல் மன்னர் போட்ட கப்பல் வரியைக் கட்ட மறுத்து நாடறிந்தவர்.

ரால்ஃப் பேச்சாளர் இல்லை. அவர் செய்தது வேறு. தாள்களை மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டு பென்சிலால் குறிப்பெடுத்தார். அவையில் குறிப்பெடுப்பதைப் பலர் விரும்பாத காலம் அது. 1642 ஜனவரி 4ஆம் தேதி மன்னர் ஆயுதமேந்திய ஆட்களோடு ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்ய அவைக்குள்ளேயே நுழைந்தபோதும் அவர் அங்கே இருந்து எழுதினார். அந்த ஐவரும் முன்பே தப்பிவிட்டார்கள். அவைத்தலைவரின் நாற்காலியருகே நின்று மன்னர் கேட்ட கேள்விக்கு, அவை காட்டுவதைத் தவிரத் தனக்குக் கண்ணும் இல்லை, அவை சொல்வதைத் தவிர நாக்கும் இல்லை என்று அவைத்தலைவர் லெந்தால் மண்டியிட்டுப் பதில் சொன்னார். இன்று நாம் அந்தக் காட்சியைத் தெளிவாக அறிவதற்கு ரால்ஃபின் பென்சில் குறிப்புகளும் ஒரு காரணம்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மன்னர் நாட்டிங்ஹாமில் போர்க்கொடி ஏற்றினார். கொடியைச் சுமக்கும் பொறுப்பு சர் எட்மண்ட் வெர்னிக்கு. அவருடைய மனநிலையை நண்பர் எட்வர்ட் ஹைட் பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். இந்தப் போரில் தனக்குச் சம்மதமே இல்லை, மன்னர் விட்டுக்கொடுத்தால் நல்லது, ஆனால் சுமார் 30 ஆண்டுகள் அவர் சோற்றைத் தின்றுவிட்டு இப்போது கைவிடும் இழிவைச் செய்யமாட்டேன் என்று எட்மண்ட் சொன்னாராம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் மனம் அது. அதே சமயம், இந்தச் சண்டைக்குக் காரணமான திருச்சபை ஆயர்கள் (பிஷப்புகள்) மேல் தனக்கு மரியாதை இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

ரால்ஃப் நாடாளுமன்றத்தின் பக்கமே நின்றார். மன்னர் தன் இஷ்டத்துக்கு வரி போடுவதும் திருச்சபையில் செய்த மாற்றங்களும் தவறு என்பது அவர் நம்பிக்கை. தம்பி எட்மண்ட் மன்னர் படையில் இருந்தார். நீ மன்னருக்கு எதிராக நிற்பது நான் பயந்தபடியே உண்மையாகிவிட்டதே என்று அண்ணனுக்கு வேதனையோடு எழுதினார். அப்பாவின் மனம் இதில் எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதையும் அதில் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தையும் ரால்ஃப் பத்திரமாக எடுத்துவைத்தார். பின்னர் இருவரும் சமாதானமானார்கள்.

1642 அக்டோபர் 23, எட்ஜ்ஹில். போரின் முதல் பெரிய மோதல். சர் எட்மண்ட் கொடியோடு விழுந்தார். கொடியை எதிரிகள் எடுத்துக்கொண்டார்கள், ஜான் ஸ்மித் என்ற அதிகாரி அதை மீட்டார். எட்மண்டின் உடல் கிடைக்கவே இல்லை. கொடிக்கம்பை இறுகப் பற்றிய கை மட்டும் கிடைத்தது, அதில் மன்னர் கொடுத்த மோதிரம் இருந்தது என்று குடும்பத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். எந்தப் படையை நாடாளுமன்றம் திரட்டியதோ அந்தப் படையின் கையால் அப்பா இறந்தார், அந்த நாடாளுமன்றத்தில் மகன் உறுப்பினர். உடல் எங்கே என்று ரால்ஃப் விசாரித்து விசாரித்து ஓய்ந்துபோனார்.

கையெழுத்திட மறுத்தவர்

ஒரு வருடம் கழித்து, நாடாளுமன்றம் ஸ்காட்லாந்தின் உதவியைப் பெற ஓர் உடன்படிக்கை செய்தது. அதன்படி ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு மத உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். ஆயர்களை ஒழித்துத் திருச்சபையை மாற்றியமைப்போம் என்பது அதன் சாரம். ரால்ஃப் ஆயர்களின் போக்கை எதிர்த்தவர்தான், ஆனால் இந்த வாசகத்துக்குச் சத்தியம் செய்ய அவர் மனச்சாட்சி இடம்கொடுக்கவில்லை.

மன்னர் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. 1643 இறுதியில் மனைவியையும் மூத்த மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டார். மூன்று வயது மகன் ஜாக் க்ளேடனிலேயே அத்தைமாரிடம் விடப்பட்டான். இந்த முடிவை எப்படி மதிப்பிடுவது? கோழைத்தனம் என்று இரு பக்கத்தாரும் சொன்னார்கள். என் பார்வையில், அவர் வாழ்க்கையிலேயே பெரிய துணிச்சல் இதுதான். அப்பாவின் சாவுக்குப் பிறகும் கட்சி மாறாதவர், கட்சி தன் மனசுக்கு ஒவ்வாததைக் கேட்டபோது அதற்கும் தலையாட்டவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரியது.

1645 செப்டம்பரில் அவருடைய உறுப்பினர் பதவி பறிக்கப்பட்டது. நிலமும் ஜப்திக்கு உள்ளானது. ஜப்தி என்றால் நாடாளுமன்றத்தின் மாவட்டக் குழு வாடகையை எடுத்துக்கொள்ளும், குடும்பத்துக்கு ஒன்றும் வராது. மனைவி மக்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்காக ஐந்தில் ஒரு பங்கை மனைவி விண்ணப்பித்துக் கேட்கலாம் என்ற ஒரு சலுகை மட்டும் உண்டு.

பிரான்சின் ப்ளுவா நகரில் காசில்லாமல் இருந்த ரால்ஃபால் இங்கிலாந்து வர முடியாது. வந்தால் கடன்காரர்களும் பிடிப்பார்கள், குழுவும் பிடிக்கும். லண்டனில் மருத்துவராக இருந்த மாமா வில்லியம் டென்டன் ஒரு யோசனை எழுதினார். இப்போதுபோலப் பெண்கள் உதவியாக இருந்த காலம் இல்லை, மனைவிக்குச் சொல்லிக்கொடுத்து அவளை அனுப்பு, குழுக்களோடு அவளே பேசட்டும் என்றார். ஆண் பேசினால் அரசியல் ஆகும், பெண் கெஞ்சினால் குடும்ப விஷயம் ஆகும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

1646 இறுதியில் மேரி தனியாக இங்கிலாந்துக்கு வந்தாள். அப்போது அவளுக்கு வயது 30, வயிற்றில் குழந்தை. வெர்னி வரலாற்றில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. ஒவ்வொரு பெரிய மனிதர் வீட்டு வாசலிலும் போய்க் காத்திருந்தாள், பழைய தோழிகளின் தயவைத் தேடினாள், கடன்காரர்களைச் சமாளித்தாள், தாளுக்கு மேல் தாள் நிரப்பினாள். 1647 ஜூனில் ஒரு மகன் பிறந்தான், அவனுக்கும் ரால்ஃப் என்று பெயரிட்டாள். அப்புறம் க்ளேடனுக்குப் போனபோது, படைகள் தங்கிப்போன வீட்டில் கட்டிலும் துணியும் பாழாகிக் கிடந்தன. விட்டுவந்த ஜாக், கால்கள் வளைந்த சிறுவனாக அம்மாவின் முன் நின்றான்.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் கைக்குழந்தை க்ளேடனில் இறந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் ப்ளுவாவில் அப்பாவோடு இருந்த மகள் பெக், எட்டு வயதில், நோயில் இறந்தாள். கடலின் இந்தப் பக்கம் மேரி ஒரு குழந்தையைப் புதைத்தாள், அந்தப் பக்கம் ரால்ஃப் ஒரு குழந்தையைப் புதைத்தார். ஒருவருக்கு ஒருவர் செய்தி சொல்லக் கடிதங்கள் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படியும் மேரி வேலையை விடவில்லை. 1648 ஜனவரியில் ஜப்தி நீங்கியது. அவள் வென்றுவிட்டாள். அந்த வசந்தத்தில் ஜாக்கைக் கூட்டிக்கொண்டு கணவரிடம் திரும்பினாள்.

அதன் பிறகு அவளுக்குக் கிடைத்தது இரண்டே ஆண்டுகள். காசநோயில் மெலிந்து 1650 மே மாதம் ப்ளுவாவில் இறந்தாள். அவள் சாகக்கிடந்த நாட்களில் மாமாவுக்கு ரால்ஃப் எழுதிய கடிதம் வாக்கியமாக முடியாமல், என் அன்பே, என் அன்பே என்ற தேம்பலாக உடைந்துபோகிறது. கணக்கையும் பத்திரத்தையும் பிசிறில்லாமல் எழுதிய அதே கை. உடலைப் பதப்படுத்தி இங்கிலாந்துக்கு அனுப்பி, அந்த ஆண்டே மிடில் க்ளேடன் தேவாலயத்தில் அடக்கம் செய்ய வைத்தார். அவருக்கு அப்போது வயது 36. மறுமணம் செய்துகொள்ளும்படி பலர் வற்புறுத்தியும் கடைசிவரை செய்துகொள்ளவில்லை.

தம்பிகளும் தங்கைகளும்

இனி, நிலம் கிடைக்காதவர்களின் கதை. தம்பி எட்மண்டைப் பற்றி முன்பே சொன்னேன். கண்ணியமான படைவீரர். 1649ல் அயர்லாந்தின் ட்ரோகெடா கோட்டையை குரோம்வெல் பிடித்தபோது அங்கே கொல்லப்பட்டார். இன்னொரு தம்பி ஹென்றி, பந்தயக் குதிரைகளிலும் உறவினர் வீட்டு விருந்துகளிலும் காலம் கழித்தார்.

ரால்ஃபுக்கு அடுத்தவர் டாம். 1634ல், வீட்டுக்குப் பிடிக்காத காதலை முறிப்பதற்காக அவரை வர்ஜீனியாவுக்குக் கப்பலேற்றினார்கள். சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டார். பிறகு பார்படோஸ் தீவு. அங்கிருந்தும் பணம் கேட்டுக் கடிதங்கள். கடன் சிறைகளிலிருந்தும் கடிதங்கள், வேதவசனங்களும் மிரட்டலும் கலந்த கெஞ்சல்கள். ரால்ஃப் எரிச்சலோடு மறுப்பார், பிறகு ஏதோ கொஞ்சம் அனுப்புவார். டாம் எல்லோரையும்விட நீண்ட காலம், 1707 வரை வாழ்ந்தார். அவரைப் பொறுப்பில்லாதவர் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. இரண்டு வயது இளையவராகப் பிறந்ததால் மட்டுமே ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் அண்ணனின் கையை எதிர்பார்த்து நின்றார் என்பதையும் நினைத்துப்பார்க்க வேண்டும்.

தங்கைகளின் நிலை இன்னும் மோசம். அவர்களின் கல்யாணப் பணத்துக்கு அப்பா நம்பியிருந்தது, துணி மீதான ஒரு வரியிலிருந்து மன்னர் ஒதுக்கிக்கொடுத்த ஆண்டுத்தொகையை. போர் வந்ததும் அது நின்றுபோனது. அப்பா போய்விட்டார், அம்மா அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார், அண்ணன் வெளிநாட்டில். பாழடைந்த வீட்டில் அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள். கேரி என்ற தங்கைக்கு மட்டும் போருக்கு முன் நல்ல இடத்தில் திருமணம் ஆகியிருந்தது. 1645ல் கணவர் போரில் இறந்தார். பிறந்தது பெண் குழந்தை, எனவே புகுந்த வீட்டின் சொத்தில் அவளுக்கு மதிப்பு இல்லாமல் போனது. கையில் குழந்தையோடு க்ளேடனுக்கே திரும்பிவந்தாள். பிறகு ஹாம்ப்ஷயரில் மனைவியை இழந்த ஒருவரை மணந்து, மூத்தாள் பிள்ளைகளையும் தன் பிள்ளைகளையும் வளர்த்து நிம்மதியாக வாழ்ந்தாள். அண்ணனுக்கு அவள் எழுதிய கடிதங்களில் எழுத்துப்பிழை நிறைய, பாசம் அதைவிட நிறைய. மற்ற தங்கைகள் கிடைத்த தொகைக்குக் கிடைத்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார்கள்.

ரால்ஃப் தங்கைகளைக் கைவிடவில்லை, ஆனால் தாராளமாகவும் இருக்கவில்லை. பெண்களின் படிப்பு விஷயத்தில் அவர் தன் காலத்தைத் தாண்டவும் இல்லை. டென்டன் மாமாவின் மகள் நான்சி லத்தீனும் ஹீப்ருவும் கற்க ஆசைப்பட்டபோது, பெண்ணுக்கு அதெல்லாம் வேண்டாம், பிரெஞ்சு போதும் என்று அறிவுரை எழுதினார். தன் மனைவி ஒரு வருடத்துக்கு மேல் நாடாளுமன்றக் குழுக்களை எதிர்கொண்டு சொத்தை மீட்டதைப் பார்த்த மனிதர் இப்படி எழுதினார் என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

திரும்பி வந்த பிறகு

1653ல் ரால்ஃப் நாடு திரும்பினார். 1655ல் குரோம்வெல் ஆட்சி அவரைச் சந்தேகத்தின்பேரில் சில மாதங்கள் சிறைவைத்தது. மன்னருக்கு எதிராக நின்றவருக்கே, மன்னர் ஆதரவாளர்களுக்கான பத்து சதவீத வரியும் விதித்தது. 1660ல் மன்னராட்சி மீண்டது, 1661ல் அவர் பாரனெட் ஆனார்.

கடனிலிருந்து அவர் மீண்ட விதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய முறையில் கிராமத்து வயல் திறந்தவெளியாக இருக்கும். ஒவ்வொரு குடியானவருக்கும் அங்கங்கே பட்டைபட்டையாக நிலம், மேய்ச்சலுக்குப் பொது இடம். ரால்ஃப் 1650களில் மிடில் க்ளேடனில் மிச்சமிருந்த திறந்த வயல்களை வேலியிட்டு வளைத்து, பெரிய மேய்ச்சல் பண்ணைகளாக்கி, கால்நடை வளர்ப்போருக்குக் கூடுதல் குத்தகைக்கு விட்டார். கூடவே செலவைச் சுருக்கி, சில நிலங்களை விற்றார். கடன் மெல்லமெல்ல அடைந்தது. வெர்னி குடும்பம் பிழைத்தது. ஆனால் அதே வேலிகள் சிறு குடியானவர்களின் இடத்தைச் சுருக்கின. 30,000 கடிதங்களுள்ள அந்த வீட்டில் அவர்களின் குரல், மேலாளர் எழுதும் வாடகைப் பாக்கிக் கணக்குகள் வழியாகத்தான் பெரும்பாலும் நமக்குக் கேட்கிறது.

67 வயதுக்கு மேல் ரால்ஃப் மறுபடி நாடாளுமன்றம் போனார். 1681, 1685, 1689 ஆகிய மூன்று முறை, அந்த 13 வாக்காளர் கொண்ட பக்கிங்ஹாமிலிருந்து. இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த மன்னர் ஓடிப்போன பிறகு கூடிய அவையிலும் இருந்தார்.

சொத்தை யாருக்காகக் காத்தாரோ, அந்த மூத்த மகன் எட்மண்ட் 1662ல் பக்கத்து ஊரான கிழக்கு க்ளேடனின் வாரிசு மேரி ஏபெல்லை மணந்தார். இரண்டு நிலமும் ஒட்டியிருந்ததால் மிகப் பொருத்தமான சம்பந்தம். திருமணமான சில மாதங்களில் அந்தப் பெண்ணுக்கு மனநோய் வந்தது, கடைசிவரை குணமாகவில்லை. எட்மண்ட் 1688ல் இறந்தார். அவருடைய இரண்டு மகன்களில் ஒருவர் அதற்கு முன்பும் ஒருவர் பின்பும் இளம் வயதிலேயே இறந்தார்கள்.

மிஞ்சியது ஜாக். கால் வளைந்த அந்தச் சிறுவன் வளர்ந்து ஜான் ஆனார். நிலம் தனக்கு வராது என்று தெரிந்தே, 1659ல் லண்டன் வணிகர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அந்த வேலையைக் கெஞ்சிக் கேட்டது அவரேதான். 1662ல் சிரியாவின் அலெப்போ நகருக்குப் போய், 12 ஆண்டுகள் துணியும் பட்டும் வாங்கி விற்றுச் சொந்தக் காலில் நின்றார். 1696 செப்டம்பரில் ரால்ஃப் இறந்தபோது க்ளேடன் ஜானின் கைக்கு வந்தது. 1703ல் அவர் ஐரிஷ் பிரபு பட்டமும் பெற்றார். வணிகப் பணமும் நில கௌரவமும் ஒரே ஆளிடம் சேரும் அடுத்த நூற்றாண்டின் இங்கிலாந்து அவரிடமிருந்தே தொடங்கிவிடுகிறது.

மிடில் க்ளேடன் தேவாலயத்தில் ஒரு பளிங்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. நாடு திரும்பிய 1653ஆம் ஆண்டில் ரால்ஃப் எழுப்பியது, எட்வர்ட் மார்ஷல் என்ற சிற்பியின் கைவேலை. அதில் நான்கு மார்பளவுச் சிலைகள்: உடல் கிடைக்காத அப்பா, அம்மா, மனைவி மேரி, அவளோடு ரால்ஃப். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. அதன் பிறகு 43 ஆண்டுகள் வாழ்ந்து, அவளோடு செதுக்கப்பட்டிருந்த தன் முகத்துக்குக் கீழே வந்து சேர்ந்தார்.